சூப்பர் சிங்கரின் முதல் வருஷங்கள்

விஜய் டிவியில் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியது 2006ல். ஏறக்குறைய இருபது வருஷம் ஓடிவிட்டது. கொஞ்ச நாளாக அதன் முதல் சில சீசன்களின் பழைய பதிவுகளை யூடியூபில் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழு எபிசோடாகக் கிடைப்பது அபூர்வம். யாரோ ஒரு புண்ணியவான் வீட்டு டிவியிலிருந்து பிடித்து ஏற்றிய துண்டுகள்தான் அதிகம். படம் மங்கல், ஒலி இரைச்சல், ஓரத்தில் கேபிள்காரர் ஓட்டிய விளம்பரப் பட்டை. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அன்று அந்த மேடையில் ஒருவர் பாடுவார். பாடி முடித்ததும் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் அடுத்தவர் பாடுவார். பெரும்பாலும் அவ்வளவுதான் நிகழ்ச்சி.

அந்த எளிய ஏற்பாடு எங்கள் ஊரில், எங்கள் தெருவில், என் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய காரியத்தைச் செய்தது என்று நினைக்கிறேன். பாட்டை எப்படிக் கேட்பது என்று அது சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது.

2006 என்ற வருஷத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மே மாதத் தேர்தலில் இலவச கலர் டிவி என்ற வாக்குறுதியோடு திமுக ஆட்சிக்கு வந்தது. செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை டிவி உள்ள வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பார்த்த குடும்பங்களுக்கு, அடுத்த சில வருஷங்களில் சொந்தமாக ஒரு பெட்டி வந்தது. தூத்துக்குடியில் நாங்கள் இருக்கிற மில்லர்புரம், பாளையங்கோட்டை ரோட்டை ஒட்டிய பகுதி. வாத்தியார்கள், துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஆபீஸ் சம்பளக்காரர்கள் என்று ஓரளவு வசதி உண்டு. எங்களுக்கு டிவி புதிதில்லை. ஆனால் உப்பளத்துக்கும் கடலுக்கும் போகிற தெருக்களில் டிவி நுழைந்த அதே காலத்தில்தான் இந்தப் பாட்டுப் போட்டியும் நுழைந்தது. அதனால் ‘நேற்று அவன் என்ன பாடினான்’ என்ற பேச்சு மார்க்கெட்டிலும், பள்ளிக்கூடத்து வாசலிலும், மினி பஸ்ஸிலும் ஒரே நேரத்தில் கேட்டது. முன்னெல்லாம் சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் மட்டும்தான் அப்படி ஒரு பேச்சு இருக்கும்.

போட்டிப் பாட்டு தூத்துக்குடிக்குப் புதுசில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருக்கிறார்கள். கொழும்பு எங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம். தோணியில் சரக்கு போய்வந்த ஊர். கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், மயில்வாகனம், பி.எச்.அப்துல் ஹமீது என்ற பெயர்களை என் அம்மா வயதுக்காரர்கள் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரிச் சொல்வார்கள். அந்த அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’தான் பிற்பாடு சன் டிவிக்கு வந்து, ஊர் ஊராகப் போய், வெளிநாடுகளிலும் மேடை ஏறியது. ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தச் சொல்வார். நின்ற இடத்து எழுத்திலிருந்து அடுத்தவர் ஒரு பாட்டைத் தொடங்க வேண்டும். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஞாபகசக்தி வேண்டும். அதில் ஜெயித்தவர்கள் பலரும் பாடகர்களாக ஆசைப்பட்டவர்கள் இல்லை. ஆயிரம் பாட்டின் முதலடி தெரிந்த ரசிகர்கள். அது ரசிகனுக்கான போட்டி.

பாடகருக்கான போட்டி என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சன் டிவியில் ஏ.வி.ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’. ஆர்ப்பாட்டம் இல்லாத நிகழ்ச்சி. அதில் வென்ற ஒரு சிறுமியைக் கவனித்து ஏ.ஆர்.ரஹ்மானிடம் அறிமுகப்படுத்தியவர் பாடகர் ஸ்ரீனிவாஸ். அந்தச் சிறுமி சின்மயி. 2002ல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ‘ஒரு தெய்வம் தந்த பூவே’ பாடியவர். நான்கு வருஷம் கழித்து சூப்பர் சிங்கர் முதல் சீசனைத் தொகுத்து வழங்க வந்தவரும் அதே சின்மயிதான். நடுவர் நாற்காலியில் ஸ்ரீனிவாஸ், பக்கத்தில் சுஜாதா, உன்னிகிருஷ்ணன். ஒரு போட்டி மேடையிலிருந்து வந்த பெண், தன்னை அங்கே கண்டெடுத்தவர் நடுவராக இருக்கிற இன்னொரு போட்டி மேடையில் நின்று, பாட வந்தவர்களிடம் மைக்கை நீட்டுகிறார். பழைய பதிவுகளைப் பார்க்கும்போது இந்தச் சங்கிலிதான் என்னை ரொம்பத் தொட்டது. போட்டியாளர் பதற்றத்தில் நிற்கும்போது சின்மயியின் பேச்சில் ஒரு நிதானம் இருக்கும். அந்தப் பதற்றம் அவருக்குத் தெரிந்தது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வெளியுலகத்தில் அப்போது என்ன நடந்தது என்பது பலருக்குத் தெரிந்ததே. 2001ல் இங்கிலாந்தில் ‘பாப் ஐடல்’, 2002ல் ‘அமெரிக்கன் ஐடல்’, 2004ல் சோனியில் ‘இந்தியன் ஐடல்’. அதற்கெல்லாம் முன்னால் 1995லேயே ஜீ டிவியில் ‘ச ரி க ம’ வந்துவிட்டது. சோனு நிகம் தொகுத்து வழங்கினார்; சிறுமியாக அதில் பாடிய ஷ்ரேயா கோஷல் பிறகு ‘தேவதாஸ்’ படத்தில் பாடினார். தெற்கே எஸ்.எஸ். மியூசிக் சேனல் நடத்திய குரல் தேடலிலிருந்துதான் பென்னி தயாள் வந்தார். நடுவர் காரமாகப் பேசுவது, குறுஞ்செய்தியில் மக்கள் ஓட்டு, வாரம் ஒருவர் வெளியேறுவது என்ற அச்சு ஐடல் வழியாக வந்தது. நடுவர் ஒரு சங்கீத வாத்தியார் மாதிரிப் பேசுவது ‘ச ரி க ம’ வழியாக வந்தது. முதல் சூப்பர் சிங்கரில் இரண்டும் கலந்திருந்தன. ஆனால் வாத்தியார் கைதான் ஓங்கியிருந்தது.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பாட்டு நன்றாக இருந்தது, இல்லை என்று எல்லோருக்கும் சொல்லத் தெரியும். எங்கே நன்றாக இருந்தது, எங்கே சறுக்கியது என்று சொல்ல ஒரு பயிற்சி வேண்டும். அந்த மூன்று நடுவர்களும் சுருதி, மூச்சு, சங்கதி, தாளம், உச்சரிப்பு என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசினார்கள். அனுபல்லவிக்குப் போகும்போது குரல் அரை இழை கீழே இறங்கியது என்பார்கள். சரணத்தின் நடுவில், வார்த்தையை உடைத்து மூச்சு வாங்கியதைச் சுட்டுவார்கள். வேண்டுமென்றால் அந்த ஒரு வரியைத் தாங்களே பாடிக் காட்டுவார்கள். அந்தப் பாடிக் காட்டல்தான் பொக்கிஷம். போட்டியாளர் பாடிய வரி காதில் இருக்கும்போதே அதே வரியைச் சுஜாதா பாடினால், வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நமக்கே கேட்கிறது.

இன்னொன்றும் இருந்தது. தொண்ணூறுகளில் சினிமாப் பாட்டுப் பதிவு முறையே மாறிவிட்டது. பாடகர் ஸ்டூடியோவில் தனியாக நின்று, வரி வரியாகப் பாடி, சரியில்லாததை மறுபடி பாடி, நல்லதை எல்லாம் சேர்த்து ஒட்டுவார்கள். நாம் கேசட்டில் கேட்டது அப்படி ஒட்டிய பாட்டு. போட்டி மேடையில் ஒரு பையன் அதே பாட்டை நின்ற இடத்தில், ஒரே மூச்சில், காமிராவுக்கு முன்னால் பாட வேண்டும். ஸ்டூடியோவில் எங்கே இடைவெளி கிடைத்தது, மேடையில் அது எப்படிக் கிடைக்காது என்பது நேரடியாகத் தெரிந்தவர்கள் அந்த நடுவர்கள். ‘ரோஜா’வில் ‘புது வெள்ளை மழை’ பாடிய சுஜாதா, ‘காதலன்’ படத்து ‘என்னவளே’ பாடி தேசிய விருது வாங்கிய உன்னிகிருஷ்ணன், ‘படையப்பா’வில் ‘மின்சாரப் பூவே’ பாடிய ஸ்ரீனிவாஸ். மூன்று பேருமே அந்த மாற்றத்தின் உள்ளே இருந்து பாடியவர்கள். ஆகவே அவர்களுடைய திருத்தத்தில் ஒரு பரிவு இருந்தது. கண்டிப்பு இல்லாமல் இல்லை. உன்னிகிருஷ்ணன் சுருதி விஷயத்தில் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் பாடியவரை அவமானப்படுத்திக் கைதட்டல் வாங்கும் வழக்கம் அங்கே குறைவு.

எங்கள் வீட்டில் இது என்ன செய்தது என்று சொல்கிறேன். என் அம்மா சங்கீதம் படித்தவர் இல்லை. சமைத்துக்கொண்டே ரேடியோ கேட்டவர். சூப்பர் சிங்கர் வந்து சில மாதங்களில், அடுக்களையிலிருந்தே தீர்ப்பு வர ஆரம்பித்தது. “அந்தப் புள்ள ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குச்சுலா, அதத்தான் சொல்லப் போறாரு பாரு” என்பார். நடுவர் அதையேதான் சொல்வார். பக்கத்து வீட்டு அத்தை நிகழ்ச்சி முடிந்ததும் காம்பவுண்டுச் சுவருக்கு வந்துவிடுவார். “மேல போறப்போ சுருதி விட்டுருச்சு, கேட்டியளா மதினி?” என்று தொடங்கினால், இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசுவார்கள். எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குரலுக்குப் பொருந்தும், யார் அடுத்த வாரம் தாக்குப்பிடிப்பார்கள், யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்றெல்லாம். நாற்பது வருஷம் பாட்டுக் கேட்ட இரண்டு பெண்களுக்கு, தாங்கள் கேட்டதைச் சொல்ல முதன்முதலாக வார்த்தைகள் கிடைத்தன. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சங்கீத ஞானம் என்பது நம் ஊரில் யாருடைய சொத்தாக எண்ணப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த மொழி, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அடுக்களைக்கு வந்து சேர்ந்தது என்றால் அது பெரிய காரியம்.

கோயில் கொடை, தேவாலயத் திருவிழா மேடைகளிலும் இது தெரிந்தது. ஜூலை 26 கொடியேற்றி ஆகஸ்ட் 5 வரை நடக்கிற பனிமய மாதா திருவிழா நாட்களில் ஊரே மேடையும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். மெல்லிசைக் குழு கச்சேரி என்றால் முன்பு கூட்டம் குத்துப்பாட்டுக்குத்தான் எழும்பும். அந்தக் காலகட்டத்தில், ஒரு மெலடியை நல்ல சங்கதியோடு பாடினால் பின்வரிசையிலிருந்து கைதட்டல் வந்ததைக் கவனித்திருக்கிறேன். வீட்டில் பாட்டு வகுப்பு நடத்துகிறவர்களிடம் பிள்ளைகள் கூடினார்கள். மில்லர்புரத்தில் சாயங்காலம் நடந்து போனால் ஒரு தெருவில் சரளி வரிசை கேட்கும், அடுத்த தெருவில் கீபோர்டு கேட்கும். ஆலயப் பாடகர் குழுக்களில் பாடிய பையன்கள் தேவாலயப் பாட்டையே வேறு கவனத்தோடு பாட ஆரம்பித்தார்கள்.

ஜெயித்தவர்கள் கதைக்கு வருகிறேன். முதல் சீசனில் பட்டம் வாங்கியவர் நிகில் மேத்யூ. பின்னால் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் ‘பீமா’ படத்து ‘எனதுயிரே’ பாட்டில் அவர் குரல் இருக்கிறது. இரண்டாம் சீசனில் வென்றவர் அஜீஷ். மூன்றாம் சீசனில், 2011ல், சாய் சரண். அந்த மூன்றாம் சீசன் முடிந்த இரவு எங்கள் தெருவில் பெரிய விவாதமே நடந்தது. அதில் போட்டியிட்ட சத்யபிரகாஷுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே முடிவு, அதை மதிக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. இப்போதும் மாறவில்லை.

ஆனால் பட்டம் ஒன்றையும் தீர்மானிக்கவில்லை என்பதைக் காலம் காட்டிவிட்டது. சத்யபிரகாஷ் பிறகு ‘அச்சம் என்பது மடமையடா’வில் ‘ராசாளி’, ‘காற்று வெளியிடை’யில் ‘நல்லை அல்லை’, ‘மெர்சல்’ படத்தில் ‘ஆளப்போறான் தமிழன்’ எல்லாம் பாடினார். ‘நல்லை அல்லை’யில் அவரோடு பாடியவர் சின்மயி. ‘ஆளப்போறான் தமிழன்’ பாடியவர்களில் அதே மூன்றாம் சீசனில் போட்டியிட்ட பூஜாவும் ஒருவர். இதற்கு முன்னோடியும் உண்டு. 2005ல் சேனல் வி, அதே ‘சூப்பர் சிங்கர்’ என்ற பெயரில் நடத்திய இந்திப் போட்டியில் நரேஷ் ஐயர் தோற்றுப்போனார். நடுவராக வந்த ஏ.ஆர்.ரஹ்மான் அவரைக் கூப்பிட்டார். ‘அன்பே ஆருயிரே’யில் ‘மயிலிறகே’ வந்தது. ‘ரங் தே பசந்தி’யின் ‘ரூபரூ’வுக்கு தேசிய விருதும் வந்தது. ஆக, அந்த மேடையின் மதிப்பு யார் ஜெயித்தார்கள் என்பதில் இல்லை. கேட்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதில்தான் இருந்தது.

ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது குறுஞ்செய்தி ஓட்டுக்குச் சாதாரணக் கட்டணம் இல்லை, கூடுதல். ப்ரீபெய்டு கார்டில் பத்து ரூபாய் போட்டு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை நாலு ஓட்டுப் போட்டால் இருப்பு காலி. நிகழ்ச்சியின் பெயரிலேயே செல்போன் கம்பெனியின் பெயரும் சேர்ந்திருந்தது எதற்காக என்று அப்போது யோசிக்கவில்லை. இது ஊழல் என்று சொல்ல வரவில்லை. நிகழ்ச்சி நடக்கப் பணம் வேண்டும், அது அந்த வழியில் வந்தது. ஆனால் நடுவர்கள் வாரம் முழுக்க ‘சுருதியைக் கேளுங்கள்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி முடிவை ‘உங்களுக்குப் பிடித்தவரை’ என்று விட்டது, சொல்லிக்கொடுத்ததையே பாதி அழித்த மாதிரி. ஓட்டு வந்தால் ஓட்டுக் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்க ஒரு கதை வேண்டும். அழுகையும் குடும்பக் கஷ்டமும் மேடைக்கு வந்ததற்கு இதுதான் வேர் என்பது என் கருத்து.

இரண்டாம் சீசனிலிருந்து இன்னொரு நல்ல விஷயம் நடந்தது. குரல் பயிற்சியாளர் ஆனந்த் வைத்தியநாதனை மக்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். குரல் என்பது தொண்டையில் மட்டும் இல்லை, மூச்சிலும் உடம்பிலும் இருக்கிறது என்பதை அவர் செய்து காட்டினார். பாடுவதற்கு முன்னால் குரலைத் தயார்ப்படுத்தும் பயிற்சிகள், தாடையைத் தளர்த்துவது, வயிற்றிலிருந்து மூச்செடுப்பது. ஊரில் அதுவரை பாடுகிறவர்களுக்கு இருந்த மருத்துவம் மிளகும் பனங்கற்கண்டும்தான். (அவர் பாலாவின் ‘அவன் இவன்’ படத்தில் நடித்ததை வைத்துத்தான் பலருக்கு இப்போது நினைவு. எனக்கு அவர் குரல் வாத்தியார்தான்.) இந்த மாதிரிப் பயிற்சி அறைக் காட்சிகளை இன்னும் நீளமாகக் காட்டியிருக்கலாம். மேடையைவிட அதில்தான் படிக்க நிறைய இருந்தது.

பிள்ளைகளுக்கான ஜூனியர் சீசன்கள் வந்தபோது நிகழ்ச்சி வேறு உயரத்துக்குப் போனது. இரண்டாம் ஜூனியரில் மனோ, சித்ரா, மால்குடி சுபா நடுவர்கள். அல்கா அஜித் வென்றார். அந்தச் சீசனைப் பற்றி யாரிடம் பேசினாலும் முகம் மலரும். எனக்கும் மலரும். சித்ரா ஒரு குழந்தையைப் பாராட்டும்போது அவர் கண்ணில் தெரிகிற சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் பயம் எனக்குத் தொடங்கியதும் அங்கேதான். எட்டு வயதுப் பிள்ளை வெளியேற்றப்படும்போது காமிரா நெருங்கி வருகிறது. கண்ணீர் முட்டும்வரை காத்திருக்கிறது. பெற்றோர் முகத்துக்குத் திரும்புகிறது. மறுபடி பிள்ளைக்கு வருகிறது. 2008ல் மேற்கு வங்கத்தில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் நடுவர்களின் கடுஞ்சொல் கேட்ட பதினாறு வயதுப் பெண் பேச்சிழந்து மருத்துவமனையில் கிடந்த செய்தி நாடு முழுக்க வந்தது. அதன்பிறகுதான் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இந்த நிகழ்ச்சிகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விதி இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நாமும் அந்த நெருக்கக் காட்சிக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆரம்ப நாட்களைப் புகழ்ந்துகொண்டே போகிறேன். அதன் குறையையும் சொல்ல வேண்டும். அந்த நடுவர்களின் காது நேர்த்தியான காது, ஆனால் குறுகலான காது. கர்நாடக சங்கீத அடிப்படையும், சினிமா மெலடியும்தான் அளவுகோல். அந்த அளவுகோலுக்குள் வராத குரலுக்கு ‘பயிற்சி வேண்டும்’ என்ற பதில்தான் கிடைக்கும். எங்கள் கடற்கரையில் அம்பாப் பாட்டு என்று ஒன்று உண்டு. வலை இழுக்கும்போது, தோணி தள்ளும்போது, உடம்பின் அசைவோடு சேர்ந்து எழும்புகிற பாட்டு. முன்னால் ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இன்ஜின் வந்தபின் அது குறைந்துபோனது. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றபோது அதோடு சேர்ந்த பாட்டும் பேச்சும் போன மாதிரி. அப்படி எடுத்துக்கொடுத்துப் பழகிய தொண்டைக்கு 2006ல் அந்த மேடையில் இடம் இருந்திருக்காது. அலைக்கு மேலே கேட்க வேண்டும் என்று வளர்ந்த குரல் அது. ஸ்டூடியோ மைக்குக்கு முன்னால் அது ‘கத்தல்’ ஆகிவிடும்.

இந்தக் கதவைத் திறந்தவை பிந்திய சீசன்கள். முறையாகச் சங்கீதம் படிக்காத திவாகர் நான்காம் சீசனில் வென்றார். 2018ல் ஆறாம் சீசனில் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றார். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் அந்த மேடையில் கிராமத்துப் பாட்டைப் பாடியபோது, எங்கள் வீட்டில் டிவி சத்தத்தை அம்மா கூட்டச் சொன்னார். ஆகவே, பழசெல்லாம் உயர்வு, புதுசெல்லாம் தாழ்வு என்று நான் சொல்லவில்லை. பிந்திய சீசன்கள் யார் பாடலாம் என்ற வட்டத்தைப் பெரிதாக்கின. அந்தப் புண்ணியம் அவற்றுக்கு உண்டு.

ஆனால் அதே நேரத்தில் பாட்டைப் பற்றிய பேச்சு சுருங்கிவிட்டது. இப்போது ஒருவர் பாடி முடித்தால் நடுவர்கள் எழுந்து நிற்கிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், ‘புல்லரிக்கிறது’ என்கிறார்கள். எந்த வரி புல்லரிக்க வைத்தது, ஏன் என்று சொல்வதில்லை. பாட்டுக்கு முன்னால் ஒரு கதைப்படம், பாட்டுக்கு நடுவில் நடுவரின் வியப்பு முகம், பாட்டுக்குப் பின்னால் நகைச்சுவை. சரணத்தின் உச்சியில் சங்கதி வருகிற நொடியில் காமிரா வேறு யாருடைய கண்ணீரையோ காட்டுகிறது. பாடுகிறவர்கள் அன்றைக்கு இருந்தவர்களைவிடத் திறமைசாலிகள், தயக்கமில்லாமல் சொல்வேன். பழைய சீசன்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். சிறு வயதிலேயே மைக் பிடிக்கவும் மூச்சு வாங்கவும் தெரிந்து வருகிறார்கள். அவர்களுக்குத் திருத்தம் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நன்றாகப் பாடுகிறவருக்குத்தான் நுட்பமான திருத்தம் தேவை. நல்ல வாத்தியார் நல்ல மாணவனிடம்தான் அதிகம் பேசுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு, ஊர்ப்பக்கம். குரல் தேர்வு என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் போனான். நீண்ட வரிசையில் நின்று, ஒரு பல்லவி பாடி, தேர்வாகாமல் திரும்பினான். திரும்பி வந்தவன் சோர்ந்து போகவில்லை. வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் பாடிப் பார்த்ததைக் கேட்டதையே பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான். தன் வயதுக்காரர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்ததாம். இப்போது அவன் ஆலயப் பாடகர் குழுவை நடத்துகிறான். பிள்ளைகளுக்குப் பாட்டு எடுக்கும்போது, தவறிய வரியை நிறுத்தி, தானே பாடிக் காட்டுகிறான். எங்கிருந்து வந்தது அந்தப் பழக்கம் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். விஜய் டிவி அந்த முதல் மூன்று சீசன்களையும், முதல் இரண்டு ஜூனியர்களையும், வெட்டாமல், நடுவர் பேச்சோடு, ஓரிடத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். பாட்டு மட்டும் துண்டாக வேண்டாம்; பாட்டுக்குப் பிறகு வந்த அந்த ஐந்து நிமிடம்தான் வேண்டும். பாட்டு வகுப்பு எடுக்கிறவர்களுக்கு அது பாடப்புத்தகம். புதிய சீசன்களைத் தயாரிக்கிறவர்கள் ஒரு எபிசோடில் ஒரே ஒரு போட்டியாளருக்காவது நடுவரைப் பாடிக் காட்டிப் பேசவிட வேண்டும். கூடவே கடற்கரைப் பக்கமும் ஒரு முறை குரல் தேட வாருங்கள். தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் காயல்பட்டினத்திலும் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 2006, 2007 காலத்தில் டிவியிலிருந்து பிடித்த பதிவு, உங்கள் ஊர் மெல்லிசைக் குழுவின் கச்சேரி, தாத்தா பாடிய அம்பாப் பாட்டு, எதுவாக இருந்தாலும், பழைய சிடியிலோ கேசட்டிலோ ஹார்டு டிஸ்கிலோ கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். இந்த மாதமே ஒரு நகல் எடுத்து வையுங்கள். சிடிக்கள் ரொம்ப நாள் தாங்காது, உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இன்னும் சீக்கிரம் போய்விடும்.